"செத்துப்போயிடுவேன்" என்று வாடிக்கையாளர் சொன்னால்: நிஜமா நடிப்பா என்று தீர்ப்பு சொல்வது ஏஜென்ட்டின் வேலை அல்ல

கால் சென்டரில் சில மாதங்கள் வேலை பார்த்த யாருக்கும் மிரட்டல் புதிதாக இருக்காது. கோர்ட்டுக்குப் போவேன், டிவியில் சொல்வேன், உன் வேலையைக் காலி பண்ணுகிறேன் பார் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. முதல் வாரம் கை நடுங்கும், அப்புறம் பழகிவிடும். அப்படிப் பழகிப்போன காதில்தான் வேறு சில வாக்கியங்களும் வந்து விழுகின்றன. "இன்றைக்குப் பணம் திரும்ப வரவில்லை என்றால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்." "உங்களோடு பேசிப் பேசி எனக்கு நெஞ்சு வலிக்கிறது." "நேரில் வந்தேன் என்றால் அங்கே ஒருத்தரும் மிஞ்ச மாட்டீர்கள்."

இவற்றில் பெரும்பாலானவை கோபத்தில் வரும் பேச்சுதான். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவதில்தான் சிக்கலே இருக்கிறது. பெரும்பாலும் நடிப்பு என்று தெரிந்த ஏஜென்ட், இதுவும் நடிப்புதான் என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவுக்கு அவரிடம் இருக்கும் ஆதாரம் ஒரு குரல் மட்டும். முகம் தெரியாது, வியர்வை தெரியாது, கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மனநல மருத்துவர் ஒருவரே நேரில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியும் உறுதியாகச் சொல்லத் தயங்கும் விஷயத்தை, பில் பிரச்சினைக்கு என்று பயிற்சி பெற்ற ஒருவர் ஹெட்செட் வழியாக அரை நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பே தவறு என்பது என் உறுதியான கருத்து. ஏஜென்ட் செய்ய வேண்டியது நேராக ஒரு கேள்வி கேட்பது, பதிலுக்கு ஏற்றபடி சரியான ஆட்களிடம் விஷயத்தைச் சேர்ப்பது. சொன்னது உண்மையா என்று பார்ப்பது அந்த ஆட்களின் வேலை.

முதலில், மனிதர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கலாம். ஒரு புகாருக்காக நான்கு முறை அழைத்து, நான்கு பேரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஹோல்டில் காத்திருந்தவர் ஐந்தாவது முறை குரலை உயர்த்துகிறார். உடனே சூப்பர்வைசர் வருகிறார், பிரச்சினை தீர்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நிறுவனத்தின் அமைப்புதான். அடுத்த தடவை அவர் முதல் நிமிடத்திலேயே உச்சத்தில் ஆரம்பிப்பார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிஜமாகவே விளிம்பில் நிற்பவருக்கும் அதே வார்த்தைகள்தான் கிடைக்கின்றன. கடன் கழுத்தை நெரிக்கும்போது, வேலை போனபோது, கணவரோ மனைவியோ இறந்து அவர் பெயரில் இருந்த கணக்கை மாற்ற அலையும்போது, அந்த மனிதர் மனநல உதவி எண்ணை அழைப்பதில்லை. கடன் வசூல் பிரிவையும் மின் இணைப்பு அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும்தான் அழைக்கிறார். அங்கே பேசும்போது வெடிக்கிறார். கத்துகிறாரா அமைதியாகப் பேசுகிறாரா என்பதை வைத்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவசர சேவை மையங்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வீட்டில் ஒருவருக்கு இதயம் நின்றுபோன நிலையில்கூட, அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நிதானமாகவே பேசுகிறார்கள். அலறல் இல்லை என்பதால் அவசரம் இல்லை என்று ஆகாது. அலறல் இருப்பதால் அது நடிப்பு என்றும் ஆகாது.

டாலஸில் நடந்தது

1984 ஜனவரியில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் பதிவான ஓர் அழைப்பை, தொலைபேசியில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் மாற்றாந்தாய்க்கு உடனே ஆம்புலன்ஸ் வேண்டும் என்று ஒருவர் அழைத்தார். அழைப்பு தீயணைப்புத் துறையில் இருந்த ஒரு செவிலியருக்கு மாற்றப்பட்டது. என்ன பிரச்சினை என்று செவிலியர் கேட்டார். அது தெரிந்தால் உங்களை ஏன் கூப்பிடுகிறேன் என்ற ரீதியில் எரிச்சலோடு பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார் செவிலியர். மூச்சுவிடச் சிரமப்படுகிறார் என்று அழைத்தவர் சொன்னார். நோயாளியிடமே பேச வேண்டும் என்றார் செவிலியர். பேச முடியவில்லை, பேச்சில் தெளிவில்லை என்றார் இவர். ஏன் தெளிவில்லை என்று மறுபடி கேள்வி. இவர் வாயிலிருந்து ஒரு கடுமையான சொல் வந்தது. செவிலியர் அந்தச் சொல்லைக் கண்டித்தார். சூப்பர்வைசரும் இடையில் வந்தார். ஆம்புலன்ஸ் மட்டும் கிளம்பவில்லை. கடைசியில் அது வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் இறந்துவிட்டிருந்தார்.

ஜாக் வேலன், டான் ஜிம்மர்மேன், மேரிலின் வேலன் என்ற மூன்று சமூகவியலாளர்கள் அந்த ஒலிப்பதிவை வரிவரியாகப் பிரித்து ஆராய்ந்து 1988ல் வெளியிட்டார்கள். செவிலியர் ஈவிரக்கமற்றவர் என்றோ, அழைத்தவர் முரடர் என்றோ அவர்கள் முடிக்கவில்லை. அந்த அழைப்பு ஒரு கட்டத்தில் சண்டையாக உருமாறியது என்பதுதான் அவர்கள் காட்டியது. அழைத்தவருக்குத் தான் கேட்டது எளிய சேவை, கேள்விகள் எல்லாம் வீண் தடங்கல். செவிலியருக்குக் கேள்விகள்தான் வேலை, அவற்றுக்குப் பதில் சொல்ல மறுப்பது ஒத்துழையாமை. இருவரும் அடுத்தவர் பேசிய விதத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூச்சுத் திணறல், தெளிவில்லாத பேச்சு என்ற இரண்டு பயங்கரமான அறிகுறிகளும் அந்த உரையாடலுக்குள்ளேயே சொல்லப்பட்டிருந்தன. சண்டைக்கு நடுவே அவை செய்தியாகக் காதில் ஏறவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் இது தினமும் சிறிய அளவில் நடக்கிறது. "இப்படிப் பேசினால் நான் அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்" என்ற எச்சரிக்கை வாசகம் எல்லா நிறுவனங்களிலும் இருக்கிறது. ஏஜென்ட்டைக் காக்க அது தேவைதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் உயிர், உடம்பு, வன்முறை பற்றி ஒரு சொல் வந்துவிட்டால் அந்த விதி அங்கேயே நிற்க வேண்டும். வசைச்சொல்லை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் செய்தியை மட்டும் பிடிக்க வேண்டும்.

அவசர சேவை மையங்கள் இதற்கு ஒரு நல்ல உத்தியை வைத்திருக்கின்றன. பதற்றத்தில் இருப்பவரிடம் ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே குரலில், காரணத்தோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வது. "உதவி அனுப்ப வேண்டும், நீங்கள் இருக்கும் முகவரியைச் சொல்லுங்கள்." கத்துகிறாரா? "உதவி அனுப்ப வேண்டும், நீங்கள் இருக்கும் முகவரியைச் சொல்லுங்கள்." ஒவ்வொரு தடவையும் சொற்களை மாற்றினால், பதறிப்போன மனதுக்கு அது புதுக் கேள்வியாகக் கேட்கும். குரல் ஏறினால் சண்டையாகக் கேட்கும். காரணம் சொல்லாமல் விட்டால் அதிகாரமாகக் கேட்கும். மூன்றும் இல்லாதபோது, மூன்றாவது நான்காவது தடவையில் பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது.

நேராகக் கேட்பது

"உயிரோடு இருக்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னதும் ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் செய்வது இரண்டில் ஒன்று. கேட்காதது போல் பில் விஷயத்துக்குத் திரும்புவார்கள். இல்லையென்றால் "அப்படியெல்லாம் பேசாதீர்கள் மேடம், எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். இரண்டுமே ஒரு கதவைச் சாத்துகின்றன. இரண்டாவது அன்பாகத் தோன்றினாலும், இதைப் பற்றி என்னிடம் பேசாதே என்பதே அதன் பொருள்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கவலையாக இருக்கிறது. தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" அந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டும். தவறாக ஏதும் செய்துவிட மாட்டீர்களே என்று மறுப்பை எதிர்பார்த்துக் கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் நமக்கு வேண்டிய பதிலைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடுவார்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவது இயல்பு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. இதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2014ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, தற்கொலை பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை என்றும், பேசுவதால் குறையக்கூடும் என்றும் சொல்கிறது. 1953ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் இதுதான்: பயப்படாமல் கேட்பது, பதிலைப் பொறுமையாகக் கேட்பது.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. நடிப்பா நிஜமா என்று ஏஜென்ட் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த சிக்கலைப் பெரும்பாலும் இதுவே அவிழ்த்துவிடுகிறது. கோபத்தில் சொன்னவர் ஒரு கணம் திகைத்து, "ஐயோ, அப்படி இல்லை சார், ஆத்திரத்தில் சொன்னேன்" என்பார். தன் பேச்சை ஒருவர் இவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொண்டார் என்பதிலேயே அவர் கோபம் பாதி இறங்கிவிடும். நிஜமாகவே அந்த எண்ணத்தில் இருப்பவர் மௌனமாவார், அழுவார், அல்லது மெல்ல ஆமாம் என்பார். அவர் ஆமாம் என்று சொல்லும் முதல் ஆள் ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். யாரும் கேட்காததால் அவர் இதுவரை சொல்லாமலே இருந்திருப்பார்.

ஆமாம் என்றால் அடுத்து என்ன? கடன் வசூல் துறையில் இதற்கென ஒரு நடைமுறையே இருக்கிறது. பிரிட்டனின் மணி அட்வைஸ் டிரஸ்ட் என்ற கடன் ஆலோசனை அமைப்பு வகுத்த அதற்கு, படிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பிளேக் (BLAKE) என்று பெயர். அதன் ஐந்து படிகளில் முதல் படி ஏஜென்ட் மூச்சை இழுத்துவிட்டு நிதானப்படுவது. இது வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் ஏஜென்ட்டின் இதயமும் படபடக்கிறது, அவசரத்தில் அவரும் எதையாவது உளறக்கூடும். பிறகு அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, தெளிவாக விசாரிப்பது, பாதுகாப்பாக வைப்பது, பேசியதைச் சுருக்கிச் சொல்லி முடிப்பது. விசாரிப்பதில் முக்கியமானவை: இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டீர்களா, இப்போதே செய்யும் எண்ணமா. கடைசி இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் அவசர சேவையை அழைத்தே ஆக வேண்டும். எண்ணம் மட்டும் இருக்கிறது, உடனடி ஆபத்து தெரியவில்லை என்றால், மனநல உதவி எண்ணோடு அவர் சம்மதத்தோடு இணைத்துவிடலாம். எண்ணைக் கொடுத்து நீங்களே கூப்பிடுங்கள் என்று விடுவதைவிட, மூன்று பேரும் ஒரே இணைப்பில் இருக்கும்படி மாற்றிக்கொடுத்து, அங்கே ஒருவர் பேச ஆரம்பித்த பிறகு விலகுவது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988, பிரிட்டனில் 116 123, இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸின் 14416 என்று நாட்டுக்கு நாடு எண் வேறு. எந்த நாட்டு வாடிக்கையாளர்களைக் கையாள்கிறார்களோ அந்த எண்கள் ஏஜென்ட்டின் திரையிலேயே இருக்க வேண்டும்.

நிமிடங்களின் அருமையைக் காட்டும் ஒரு ஆய்வு உண்டு. தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களிடம் பேசி 2009ல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர், அந்த எண்ணம் எழுந்ததற்கும் முயற்சிக்கும் இடையே பத்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் இருந்தது என்று சொன்னார்கள். தொலைபேசியில் கழியும் பதினைந்து நிமிடம் அந்த நெருக்கடியையே தாண்டவைத்துவிடலாம். பேசிக்கொண்டே இருப்பதும் உதவிதான்.

உதவியை அழைப்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. "உங்கள் உயிர் எனக்கு முக்கியம், அதனால் உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்கிறேன்." சொன்னதும் கோபப்படலாம், துண்டித்துவிடலாம். இருந்தாலும் திடீரென வாசலில் போலீஸ் நிற்பதைவிட இது மேல். போலீஸ் வருவது எப்போதும் நன்மையில் முடிவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வார்த்தை கொஞ்சம் கனத்ததற்கெல்லாம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கொடுமை. நேரான கேள்வியை முதலில் கேட்கச் சொல்வது இதனால்தான்.

குரலில் தெரியும் நோய்

மருத்துவ அவசரம் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் பல நேரம் வாடிக்கையாளர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவர் ஆர்டர் பற்றித்தான் பேசுகிறார். பேச்சு குழறுகிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று ஏஜென்ட் முடிவு செய்து துண்டிக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்தவரும் அப்படித்தான் பேசுவார். பக்கவாதம் தாக்கியவரும் அப்படித்தான். பக்கவாதம் தாக்கிச் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்திலும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். "உங்கள் பேச்சு கொஞ்சம் தடுமாறுகிற மாதிரி இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறதா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்க ஐந்து விநாடி போதும். உண்மையிலேயே குடித்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பேச்சின் நீளத்தையும் கவனிக்கலாம். மூச்சுத்திணறல் கடுமையாக இருப்பவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இதயம் நின்றுபோனவர் சில நிமிடங்கள் வரை குறட்டை போல, விக்கல் போல விட்டுவிட்டு மூச்சை இழுக்கக்கூடும். வீட்டில் இருப்பவர்கள் "மூச்சு இருக்கிறது, குறட்டை விடுகிறார்" என்பார்கள். அது மூச்சு ஆகாது. அதனால்தான் அவசர சேவை மையங்களில் மூச்சு விடுகிறாரா என்று மட்டும் கேட்பதில்லை. நினைவு இருக்கிறதா, வழக்கம்போல மூச்சு விடுகிறாரா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்கிறார்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி கொடுக்காமலும் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது.

வெப்பமூட்டும் கருவி, கேஸ் சம்பந்தப்பட்ட நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கருவி சரியாக எரியவில்லை என்று அழைப்பவர், காலையிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி என்று போகிற போக்கில் சொன்னால், அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். வாசனையும் நிறமும் இல்லாத வாயு. டெக்னீஷியனுக்கு நாளைக்கு நேரம் ஒதுக்கும் அழைப்பு இல்லை அது. எல்லோரையும் உடனே வெளிக்காற்றுக்குப் போகச் சொல்லி, அவசர சேவையை அழைக்கச் சொல்ல வேண்டும்.

"உங்களால் எனக்கு ஹார்ட் அட்டாக்கே வந்துவிடும்" என்பவரிடமும் நேர்க் கேள்விதான். "ஐயா, இப்போது உங்களுக்கு நெஞ்சு வலிக்கிறதா? மூச்சுவிட முடிகிறதா?" வலிக்கிறது என்றால் பில் பற்றிய பேச்சு அந்த நொடியே நின்றுவிட வேண்டும். ஏஜென்ட் மருந்து சொல்லக் கூடாது, வாயுத் தொல்லைதான் போலிருக்கிறது என்று ஆறுதலும் சொல்லக் கூடாது. கதவைத் திறந்துவைக்கச் சொல்லலாம், ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லலாம், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடச் சொல்லலாம். சிகிச்சை பற்றிய அறிவுரை அவசர சேவைக்காரர்களிடமிருந்து வரட்டும்.

அவர்களே அதைச் சொந்த ஊகத்தில் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1970களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், எந்தப் புகாருக்கு எந்தக் கேள்வி, எந்தப் பதிலுக்கு எந்த அறிவுரை என்று அட்டைகளில் எழுதிவைத்தார். ஃபோன் எடுப்பவரின் மனநிலையையோ அனுபவத்தையோ நம்பி ஒரு உயிர் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. முழுநேரமும் இதையே செய்பவர்களுக்கே அட்டை தேவைப்படும்போது, எப்போதாவது இப்படி ஓர் அழைப்பைச் சந்திக்கும் சாதாரண ஏஜென்ட்டிடம் "சமயோசிதமாக நடந்துகொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எந்த விதத்தில் நியாயம்?

எங்கே இருக்கிறார்?

எந்த அவசரத்திலும் முதலில் வாங்க வேண்டியது இடம். கணக்கில் பதிவான முகவரியை நம்ப முடியாது. மொபைலில் பேசுபவர் அலுவலகத்தில் இருக்கலாம், ஓடும் காரில் இருக்கலாம், மகள் வீட்டில் இருக்கலாம். இணைப்பு அறுந்தால் திருப்பி அழைக்க ஓர் எண்ணும் வேண்டும். இந்த இரண்டும் கிடைத்த பிறகு நினைவு தப்பினாலும் உதவி போய்ச் சேரும். இவை இல்லாமல் நோய் பற்றி எவ்வளவு விவரம் வாங்கினாலும் பயனில்லை.

அடுத்த சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவின் 911, பிரிட்டனின் 999, இந்தியாவின் 112 போன்ற அவசர எண்கள் அழைப்பவர் இருக்கும் இடத்து மையத்துக்குத்தான் போகும். வேறு ஊரில், வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் அந்த எண்ணைச் சுழற்றினால் தன் ஊர் மையம்தான் எடுக்கும், அல்லது யாருமே எடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் ஊர் போலீஸ் அல்லது அவசர மையத்தின் முழு எண்ணைக் கண்டுபிடித்துத்தான் அழைக்க வேண்டும். அதை நெருக்கடி நேரத்தில் தேட ஆரம்பித்தால் பொன்னான நிமிடங்கள் போய்விடும். சேவை செய்யும் பகுதிகளின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, அவ்வப்போது அழைத்துச் சரிபார்த்து வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. வாடிக்கையாளர் தெளிவாக இருந்தால், அவரையே இன்னொரு ஃபோனிலிருந்தோ வீட்டில் இருப்பவர் மூலமாகவோ அழைக்கச் சொல்வது சில நேரம் இன்னும் வேகமானது.

அலுவலக ஃபோனிலும் ஒரு பொறி இருக்கிறது. வெளி இணைப்புக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டிய அமைப்புகள் உண்டு. 2013ல் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது அவரது 9 வயது மகள் 911ஐத் திரும்பத் திரும்ப அழுத்தியும் அழைப்பு போகவே இல்லை, காரணம் அந்த முன் எண். தாய் இறந்துபோனார். அதன் விளைவாக 2018ல் அமெரிக்காவில் அந்தத் தாயின் பெயரில் வந்த காரி சட்டம், இப்படிப்பட்ட ஃபோன் அமைப்புகளில் முன் எண் எதுவும் இல்லாமல் 911 நேரே போக வேண்டும் என்கிறது. உங்கள் தளத்தில் இருக்கும் ஃபோன் எப்படி என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படி ஓர் அழைப்பைக் கையாள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாடிக்கையாளரை விடாமல் பேச்சில் வைத்திருக்க, இன்னொருவர் வேறு இணைப்பில் அவசர சேவையை அழைக்க வேண்டும். உயிருக்குப் போராடுபவரை ஹோல்டில் போட்டு இசை கேட்கவைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. கையை உயர்த்துவதோ, சிவப்பு அட்டையைக் காட்டுவதோ, சாட்டில் ஒற்றைச் சொல் அனுப்புவதோ, ஏதாவது ஒரு சைகை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏஜென்ட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் அவருக்கு இது இரட்டிப்பு அவசியம்.

மற்றவர்களைத் தாக்குவேன் என்ற மிரட்டலுக்கும் இதே தர்க்கம்தான். அமெரிக்க ரகசியச் சேவைப் பிரிவின் ஆய்வாளர்கள் 1990களில் பிரமுகர்களைத் தாக்கியவர்களை ஆராய்ந்தபோது, மிரட்டுபவர்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள் இல்லை, ஆபத்தானவர்கள் எல்லோரும் மிரட்டுவதும் இல்லை என்று கண்டார்கள். பிரித்தறிவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மிரட்டியவர் சொன்ன சொற்களை ஏஜென்ட் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், தன் சொந்த நடையில் மாற்றக் கூடாது. வெடிகுண்டு மிரட்டல் என்றால் பேச்சை நீட்டி, எப்போது வெடிக்கும், எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று கேட்டு, பின்னணிச் சத்தங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிராளி துண்டித்தாலும் இந்தப் பக்க ரிசீவரை வைக்கக் கூடாது.

வாடிக்கையாளரின் தகவலை வெளியே கொடுக்கலாமா என்ற தயக்கம் பல இடங்களில் கையைக் கட்டிப்போடுகிறது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், உயிரைக் காக்கத் தேவையான தகவல் பயன்பாட்டைத் தனிக் காரணமாகவே ஏற்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. அவசர சேவைக்கு முகவரி கொடுத்ததற்காக வேலை போய்விடும் என்று எந்த ஏஜென்ட்டும் பயப்படக் கூடாது.

நிர்வாகத்தின் பங்கு

இவ்வளவும் சொன்ன பிறகு, ஏஜென்ட்டுகள் ஏன் இதைச் செய்வதில்லை என்றால், செய்தால் நஷ்டம் அவர்களுக்கு. ஓர் அழைப்பு நாற்பது நிமிடம் ஓடினால் சராசரி அழைப்பு நேரம் ஏறுகிறது, மாதக் கடைசியில் ஊக்கத்தொகை போகிறது. ஸ்கிரிப்ட்டை விட்டு விலகியதற்குத் தர மதிப்பெண் குறைகிறது. ஆம்புலன்ஸ் அனுப்பி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் டீம் லீடர் முகம் சுளிக்கிறார். அடுத்த தடவை அவர் கேட்காதது போல் இருக்கக் கற்றுக்கொள்கிறார். நெருக்கடி அழைப்பு என்று குறித்த எதையும் நேரக் கணக்கிலிருந்து நீக்குவதும், நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு தவறாகிப்போனாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எழுத்தில் தருவதும், ஒரு நாள் பயிற்சி வகுப்பைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும்.

அழைப்பு முடிந்ததும் அடுத்த அழைப்பு தானாக விழக் கூடாது. இடைவெளி வேண்டும். எழுந்து வெளியே போக, ஒருவரோடு பேச, அல்லது பேசாமல் இருக்க. கூட்டிவைத்து, நடந்ததை எல்லாம் விவரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது பலன் தருவதில்லை. அதிர்ச்சிக்குப் பின் ஒரே தடவை நடத்தப்படும் இப்படிப்பட்ட அமர்வுகள் பிற்கால மன உளைச்சலைத் தடுப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002ல் வெளியிட்ட மதிப்பாய்வு காட்டியது. சில நாட்கள் கழித்து மறுபடி ஒரு தடவை விசாரிப்பது நல்லது. அந்த வாடிக்கையாளர் என்ன ஆனார் என்று தெரியாமல் இருப்பதுதான் ஏஜென்ட்டுகளை அதிகம் வாட்டுகிறது. தெரிந்துகொள்ள வழி இருந்தால் தெரிவிக்கலாம், இல்லையென்றால் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

கடைசியாக அந்தக் கணக்கு. "தொல்லை தரும் வாடிக்கையாளர்" என்று அதில் குறிப்பு எழுதினால், அடுத்து எடுப்பவர் ஏற்கெனவே முடிவோடுதான் பேச ஆரம்பிப்பார். என்ன சொன்னார், என்ன கேட்டோம், யாருக்குத் தகவல் கொடுத்தோம் என்பது மட்டும் இருந்தால் போதும். கூடவே, தானாகப் போகும் செய்திகளை அன்றைக்கே நிறுத்த வேண்டும். நேற்று தற்கொலை பற்றிப் பேசியவருக்கு இன்று காலை கணினி "கடைசி எச்சரிக்கை, உடனே பணம் கட்டவும்" என்று குறுஞ்செய்தி அனுப்பினால், இரவெல்லாம் ஒருவர் பாடுபட்டுப் பிடித்துவைத்ததை அது தட்டிவிட்டுவிடும். அந்த வரிசையிலிருந்து ஒரு கணக்கை உடனே எடுத்து வெளியே வைக்கும் அதிகாரம் அழைப்பை எடுத்த ஏஜென்ட்டின் கையிலேயே இருக்க வேண்டும். மேலதிகாரியின் ஒப்புதல் வர இரண்டு நாளானால் செய்தி அதற்குள் போய்விட்டிருக்கும்.